தாமிரபரணிப் படுகையில் ரேடார் வழி நீர்ப்பரப்பு கண்டறிதல்

தாமிரபரணிப் படுகையில் ரேடார் வழி நீர்ப்பரப்பு கண்டறிதல் என்பது திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலுள்ள குளங்களையும், நீர் பாய்ச்சிய வயல்களையும், வெள்ளம் சூழ்ந்த நிலங்களையும் செயற்கைக்கோளிலிருந்து அனுப்பப்படும் நுண்ணலைகளைக் கொண்டு இனங்கண்டு வரைபடமாக்கும் தொலையுணர்வு முறையாகும். ரேடார் என்னும் கருவியைத் தமிழில் கதுவீ என்றும் வழங்குவர். பெரிய அணையொன்றின் நீர்ப்பரப்பை இம்முறையால் காண்பது எளிது. ஓர் ஊரின் சிறு குளத்தையோ, நடவு முடிந்த வயல்வெளியில் புகுந்த வெள்ளத்தையோ பிரித்தறிவது கடினம். துருவக் கடல்களில் உறைந்த கடற்பனிக்கு நடுவே சிக்கியுள்ள சிறு பனிப்பாறைகளைத் தேடுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் அடிப்படையில் இதுவே ஆகும். தேடப்படும் பொருள் சிறியது. அதைச் சூழ்ந்துள்ள பரப்போ ஏறத்தாழ அதைப் போலவே தோன்றுவது.

ஆறும் குளங்களும்

தாமிரபரணி பொதிகை மலையில் தோன்றி, ஏறத்தாழ 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளாலும் நீர் பெறுவதால் இது வற்றாத ஆறாக உள்ளது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் (ஸ்ரீவைகுண்டம்) என எட்டு அணைக்கட்டுகள் ஆற்றின் குறுக்கே உள்ளன. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் வயல்களுக்கு நேரடியாகவும், குளங்களை நிரப்பி அவற்றின் மடைகள் வழியாகவும் நீர் தருகின்றன. ஒரு குளத்தின் மறுகால் நீர் அடுத்த குளத்தை அடைவது இங்குள்ள வழக்கமான அமைப்பாகும். ஆகவே, எந்தக் குளத்தில் எவ்வளவு பரப்புக்கு நீர் நிற்கிறது என்பதை ஒரே நாளில் அறிந்துகொள்வது பாசனத்துக்கும் பயன்படும், வெள்ளக் காலத்தில் உயிர்காக்கவும் பயன்படும்.

சூன் முதல் செப்டம்பர் வரை கார் நெல்லும், அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி, மார்ச்சு வரை பிசான நெல்லும் பயிரிடப்படுகின்றன. பிசான நடவும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே காலத்தில் அமைவது இக்கட்டுரைக்கு முக்கியமான செய்தியாகும். காரணம் பின்னர் விளக்கப்படும்.

ஒளிப்படம் ஏன் போதாது

கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப் பதிவு செய்யும் செயற்கைக்கோள்கள் நீரை நன்றாகவே காட்டும். ஆனால், வெள்ளம் வரும் நாளில் வானம் முகிலால் மூடியிருக்கும். முகில் கலைந்து படம் கிடைப்பதற்குள் நீர் வடிந்துவிடக்கூடும். ரேடார் தானே அலையை அனுப்பித் தானே எதிரொலியை வாங்குவதால் அதற்குக் கதிரவன் ஒளி தேவையில்லை. அது பயன்படுத்தும் சில சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலைகள் முகிலை ஏறத்தாழத் தடையின்றிக் கடந்து செல்கின்றன. எனவே இரவிலும் மழையிலும் படம் எடுக்க இயலும்.

செயற்கைத் துளை ரேடார்

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 வகைச் செயற்கைக்கோளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் அலைவாங்கி 12.3 மீட்டர் நீளமுடையது. அலைநீளம் ஏறத்தாழ 5.5 செ.மீ.; அது 693 கி.மீ. உயரத்தில் சுற்றியவாறு பக்கவாட்டில் சாய்ந்து நோக்குவதால் நிலம் ஏறத்தாழ 850 கி.மீ. தொலைவில் உள்ளது. அலைநீளத்தை அலைவாங்கியின் நீளத்தால் வகுத்துத் தொலைவால் பெருக்கினால், அலைக்கற்றை நிலத்தில் விழும் அகலம் ஏறத்தாழ 3.8 கி.மீ. என்று கிடைக்கும். இந்த அளவில் ஓர் ஊரும், அதன் குளமும், வயலும், சுடுகாடும் ஒரே புள்ளியாகிவிடும். இத்தகைய படத்தால் பயன் ஒன்றுமில்லை.

இதற்கு மாற்று வழியை அமெரிக்கரான கார்ல் வைலி 1951 இல் எண்ணினார். செயற்கைக்கோள் விரைந்து நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒரே குளத்தைப் பல இடங்களிலிருந்து பார்க்கிறது. நெருங்கும்போது எதிரொலியின் அதிர்வெண் சற்றுக் கூடியும், விலகும்போது சற்றுக் குறைந்தும் வரும். தொடர்வண்டியின் ஊதல் ஒலி நம்மைக் கடக்கும்போது மாறுவது போன்றதே இது. இவ்வெதிரொலிகளை எல்லாம் சேமித்துக் கணிப்பொறியில் ஒன்றிணைத்தால், மிக நீண்ட ஓர் அலைவாங்கி இருந்தால் கிடைக்கக்கூடிய கூர்மை கிடைக்கிறது. இல்லாத அந்த நீண்ட அலைவாங்கியே 'செயற்கைத் துளை' எனப்படுகிறது. கோட்பாட்டளவில் எட்டக்கூடிய பிரிதிறன் உண்மையான அலைவாங்கியின் பாதி நீளம் ஆகும். தொலைவு எவ்வளவு என்பது அதில் இடம்பெறுவதில்லை. முதன்முதலாக இதைப் படிப்போருக்கு நம்பக் கடினமான முடிவு இது. சென்டினல்-1 ஏறத்தாழ 250 கி.மீ. அகலப் பட்டையை ஒரே முறையில் பார்க்க வேண்டியிருப்பதால், நிலப்பகுதிகளில் வழக்கமாக 5 மீட்டருக்கு 20 மீட்டர் என்ற அளவோடு நின்றுவிடுகிறது.

நீர் ஏன் கருமையாகத் தெரிகிறது

அசைவற்ற நீர்ப்பரப்பு நுண்ணலைக்குக் கண்ணாடி போன்றது. சாய்வாக வந்து விழும் அலை அதே சாய்வில் எதிர்ப்புறம் தெறித்துப் போய்விடும். செயற்கைக்கோளுக்கு ஒன்றும் திரும்பாது. ஆகவே குளம் கருமையாகத் தெரியும். உழுத நிலம், புதர், மரம் ஆகியவை அலையைப் பல திசைகளிலும் சிதறடிப்பதால் ஒரு பங்கு திரும்பி வரும். இதற்குப் பின்சிதறல் என்று பெயர். கட்டடங்கள் இன்னும் பொலிவாகத் தெரியும். தரையில் பட்ட அலை சுவரிலும் பட்டு வந்த வழியே திரும்புவதே காரணம்.

ஒரு பரப்பு வழவழப்பானதா, கரடுமுரடானதா என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. ரேலேயின் அளவுகோலின்படி, 35 பாகைச் சாய்வில் விழும் 5.5 செ.மீ. அலைக்கு ஏறத்தாழ 8 மி.மீ. வரையிலான மேடுபள்ளம் வழவழப்பாகக் கொள்ளப்படும். 24 செ.மீ. அலைக்கு அந்த வரம்பு ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டராகும். ஆகவே காற்று வீசிக் குளத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சிற்றலை எழுந்தாலே சி-பட்டை ரேடாரில் குளம் வெளிறிப்போகலாம். கணவாய்கள் வழியே தென்மேற்குக் காற்று வலுவாக வீசும் கார்ப் பருவத்தில் இது நினைவில் கொள்ளத்தக்கது. அக்காற்றை நம்பியே கயத்தாறு, முப்பந்தல், இராதாபுரம் பகுதிகளில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. அவற்றின் எஃகுக் கோபுரங்கள் ரேடார் படத்தில் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும் என்பது ஒரு பக்கச் செய்தி.

நீரை அமலைச் செடி (ஆகாயத்தாமரை) மூடியிருந்தால் நிலைமை வேறு. அதன் இலைகள் அலையைச் சிதறடிப்பதால் நீர் நிறைந்த குளமும் பசும்புல்வெளி போலத் தோன்றும். கரையில் நிற்பவர் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும் என்பதால் ரேடாரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

பனிப்பாறைத் தேடலிலிருந்து ஒரு பாடம்

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியதன் பின்னர் வட அத்திலாந்திக்கில் பனிப்பாறைகளைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. இன்று அப்பணியில் ரேடார் செயற்கைக்கோள்கள் பெரும்பங்கு வகிக்கின்றன. திறந்த கடலில் பனிப்பாறை கருமையான நீருக்கு நடுவே ஒளிப்புள்ளியாகத் தெரியும். இது குளத்துக்கு நேர்மாறான தோற்றம், ஆனால் கணக்கு ஒன்றே. ஒவ்வொரு படத்துணுக்கையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தின் சராசரியோடும் ஏற்ற இறக்கத்தோடும் ஒப்பிட்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேறுபட்டால் மட்டும் 'பொருள் உண்டு' என்று கணிப்பொறி அறிவிக்கும். தவறான அறிவிப்புகளின் விகிதம் எங்கும் ஒரே அளவாக இருக்கும்படி வரம்பு மதிப்பு இடத்துக்கு இடம் மாற்றப்படுகிறது.

கடற்பனிக்குள் இது தடுமாறுகிறது. உப்பு கலந்த இளம் கடற்பனி நுண்ணலையை மேற்பரப்பிலேயே தடுத்துவிடும். நன்னீரால் ஆன பனிப்பாறையில் அலை உட்புகுந்து, காற்றுக்குமிழ்களிலும் வெடிப்புகளிலும் சிதறித் திரும்பும். இவ்வளவில் வேறுபாடு உண்டு. ஆனால், கடற்பனி ஒன்றோடொன்று மோதி உயர்ந்த முகடுகளும் பொலிவாகவே தெரிகின்றன. சூழல் முழுதும் ஒளிப்புள்ளிகளாய் இருக்கும்போது வரம்பு மதிப்பு உயர்ந்துவிடும். 15 மீட்டர் நீளமே உள்ள பனிப்பாறைத் துண்டு அதற்குக் கீழே மறைந்துபோகும். வரம்பைத் தாழ்த்தினாலோ முகடுகள் எல்லாம் பனிப்பாறைகளாகிவிடும். இதனால் அலையின் தளவிளைவையும் கணக்கில் கொள்கின்றனர். கிடைத்தளத்தில் அனுப்பிய அலை செங்குத்துத் தளத்தில் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தால், உட்சிதறல் மிக்க பனிப்பாறை சற்றுக் கூடுதலாக வேறுபடும். நீண்ட அலைநீளமுடைய எல்-பட்டையில் கடற்பனியின் பொலிவு குறைவதால் அதுவும் உதவுகிறது. இந்தியாவின் அண்டார்க்டிக்கா பயணக் கப்பல்களுக்குக் கடற்பனி பற்றிய அறிவுரைகளை அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து தயாரித்து வழங்கியுள்ளது.

பிசான வயலில் வெள்ளம்

மேற்கண்ட சிக்கல் திருநெல்வேலியில் தலைகீழாகத் தோன்றுகிறது. நடவு நடந்த வயலில் சில சென்டிமீட்டர் நீர் நிற்கும், நாற்று மெல்லியது. ஆகவே ரேடாருக்கு அது குளம் போலக் கருமையாகவே தெரியும். நாற்று தூர்கட்டி வளர வளர, நீரிலும் தண்டிலும் மாறிமாறிப் பட்டுத் திரும்பும் அலை மிகுந்து, சில வாரங்களில் வயல் பொலிவடையும். கருமையிலிருந்து பொலிவுக்கு மாறும் இந்தக் காலவோட்டமே நெல்லின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை பங்கேற்ற திட்டமொன்றின் வழியாகத் தமிழ்நாட்டின் நெற்பரப்பு இம்முறையில் வரைபடமாக்கப்பட்டது. பயிர்க் காப்பீட்டுக்கும் இத்தகைய வரைபடங்கள் பயன்படுகின்றன.

இப்போது நவம்பர், திசம்பர் மாதங்களில் வெள்ளம் வருவதாகக் கருதுக. வெள்ளநீரும் கருமை, புதிதாக நட்ட வயலும் கருமை. ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கரும்பரப்பையெல்லாம் வெள்ளம் என்று குறித்தால், உழவர் தாமே மடை திறந்து பாய்ச்சிய நீரும் வெள்ளச் சேதமாகிவிடும். எதிர்த்திசையிலும் பிழை நேரும். 'அது நெல்வயல்தானே' என்று விலக்கிவிட்டால், நாற்று முழுதும் மூழ்கிப்போன வயல் சேதக் கணக்கில் வராது போகும். முதல் பிழை வரைபடத்தைக் கெடுக்கும். இரண்டாவது ஒருவரின் இழப்பீட்டைக் கெடுக்கும்.

இதற்குக் கையாளப்படும் வழி, ஒரே பாதையிலிருந்து ஒரே சாய்வில் எடுத்த முந்தைய படங்களோடு ஒப்பிடுவதாகும். முந்தைய படத்தில் பொலிவாக இருந்து இப்போது கருத்திருந்தால் வெள்ளம் எனலாம். முந்தைய படத்திலும் கருமையாக இருந்தால் ஐயம் நீங்காது. அங்கே கால்வாய் எப்போது திறக்கப்பட்டது, நடவு எந்த வாரம் நடந்தது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரோ உழவரோ சொன்னால்தான் தெரியும். ஒரு படத்துக்குப் பதில் முழுப் பருவத்தின் படவரிசையையும் வைத்திருப்பதே இவ்வகையில் சிறந்தது என்பர்.

வாழைத் தோட்டங்கள்

திருவைகுண்டம், ஏரல், ஆழ்வார்திருநகரி, ஆத்தூர் வட்டாரங்களில் வாழை பெருமளவில் பயிராகிறது. 5.5 செ.மீ. அலை வாழையின் அகன்ற, நீர்ச்சத்து மிக்க இலைகளிலேயே பெரும்பாலும் சிதறிவிடும். அடியில் முழங்காலளவு நீர் நின்றாலும் படத்தில் தோட்டம் மாறாமல் தெரியக்கூடும். காற்றில் சாய்ந்துவிட்ட வாழையாயினும் இலைப்பரப்பு இருப்பதால் நீர் வெளிப்படாது. வாழை சில நாள்கள் நீரில் நின்றாலே வேர் அழுகிவிடும் என்பதை எண்ணினால், இவ்விடைவெளி சிறியதன்று. ஏறத்தாழ 24 செ.மீ. அலைநீளமுள்ள எல்-பட்டை இலைகளை ஓரளவு கடந்து நீரை அடையும். நீரிலும் தண்டிலும் பட்டுத் திரும்பும்போது வெள்ளத்தில் நிற்கும் தோட்டம் வழக்கத்தினும் பொலிவாகத் தோன்றலாம். அப்போது வெள்ளத்தின் அடையாளம் கருமை என்ற விதியே மாறிவிடுகிறது.

நீரைப் போலத் தோன்றும் பிற

குதிரைமொழித் தேரி போன்ற செம்மணற் பரப்புகளின் உலர்ந்த, வழவழப்பான மணல் மிகக் குறைந்த பின்சிதறலையே தரும். ரேடார் படத்தை மட்டும் பார்ப்பவர் வறண்ட தேரியின் நடுவே ஏரியொன்று இருப்பதாக எண்ணக்கூடும். வாகைக்குளத்திலுள்ள வானூர்தி ஓடுதளமும் அகன்ற சாலைகளும் கருங்கோடுகளாகும். தூத்துக்குடி உப்பளங்கள் கருமையாகத் தெரிவது முறையே. அங்கே உண்மையாகவே நீர் உள்ளது. ஆயினும் அது வெள்ளம் ஆகாது. மேற்கே பொதிகை, களக்காடு மலைகளின் செங்குத்தான மறுபக்கச் சரிவுகளில் அலை படாத நிழல் விழும், அந்நிழலும் கருமையே. சரிவில் நீர் தேங்காது என்பதால், நில உயர வரைபடத்தைக் கொண்டு மலைநிழலை நீக்கிவிடுகின்றனர். தேரிக்கு அவ்வழி உதவாது. ஆண்டு முழுதும் மாறாது கருத்திருக்கும் இடம் எது என்று பார்த்தே அதை ஒதுக்க வேண்டும்.

இவற்றோடு எல்லாச் செயற்கைத் துளை ரேடார் படங்களிலும் காணப்படும் மணல் தூவியது போன்ற புள்ளியிரைச்சலும் சேர்கிறது. ஒரு படத்துணுக்குக்குள் உள்ள பல சிதறல்கள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் இதை உண்டாக்குகின்றன. அண்டைத் துணுக்குகளைச் சராசரி எடுத்தால் இரைச்சல் குறையும், கூடவே சிறு குளமும் கரைந்துபோகும். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். 10 மீட்டர் துணுக்குகளாகக் கணக்கிட்டால் நாற்பது துணுக்குகள். ஏழு வரிசை, ஏழு நிரல் அளவில் சராசரி எடுப்பதற்கே 49 துணுக்குகள் வேண்டும். சிறு ஊருணிகள் வரைபடங்களில் விடுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2023 திசம்பர் வெள்ளம்

2023 திசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., திருவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவாயிற்று. குளங்கள் பல உடைந்தன, சாலைகள் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவுத் தொடர்வண்டி, தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணும் கல்லும் அரித்துச் செல்லப்பட்டதால், 17 ஆம் நாள் இரவு முதல் திருவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகளில் பெரும்பாலோர் 19 ஆம் நாள்தான் மீட்கப்பட்டனர். எந்த ஊருக்கு எவ்வழியே போகலாம் என்று தெரியாத இத்தகைய வேளையில்தான் வெள்ள வரைபடத்துக்குப் பொருள் உண்டு.

ஆனால், செயற்கைக்கோள் வெள்ளத்துக்காகக் காத்து நிற்பதில்லை. சென்டினல்-1 இணையில் ஒன்று ஒரே பாதைக்குத் திரும்ப 12 நாள்கள் ஆகும். இரண்டு இருந்தால் 6 நாள்கள். இரண்டாவதான சென்டினல்-1பி 2021 திசம்பர் 23 அன்று பழுதடைந்தது. அதற்கு மாற்றான சென்டினல்-1சி 2024 திசம்பர் 5 அன்றுதான் ஏவப்பட்டது. ஆகவே இவ்வெள்ளத்தின்போது அவ்வகையில் ஒன்றே இயங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவின் சொந்த ரேடார் செயற்கைக்கோள்களில் ரிசாட்-1 2012 ஏப்ரல் 26 அன்றும், அதன் வழிவந்த இஓஎஸ்-04 2022 பிப்ரவரி 14 அன்றும் ஏவப்பட்டன. அவ்வரிசையில் அடுத்ததான இஓஎஸ்-09, 2025 மே 18 அன்று ஏவூர்தியின் மூன்றாம் கட்டத்தில் ஏற்பட்ட பழுதால் இழக்கப்பட்டது. ஒரு செயற்கைக்கோள் இல்லாமற்போவது, அடுத்த வெள்ளத்தில் இரண்டு படங்களுக்கு இடைப்பட்ட நாள்கள் கூடுவதாகவே ஆற்றுப்படுகையில் வாழ்வோரை வந்தடைகிறது. ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் பல நாடுகளின் தரவுகளையும் சேர்த்து வெள்ள வரைபடம் தயாரிப்பது இதன் பொருட்டே.

2025 சூலை 30 அன்று ஏவப்பட்ட நிசார், நாசாவின் 24 செ.மீ. எல்-பட்டை ரேடாரையும், இசுரோவின் எசு-பட்டை ரேடாரையும் 12 மீட்டர் விட்டமுள்ள வலைத்தட்டுடன் சுமந்து செல்கிறது. இதுவும் 12 நாள்களுக்கு ஒருமுறை ஒரே பாதைக்குத் திரும்பும். கடற்பனி, பனியாறுகள், நெல்வயல், காடு ஆகிய அனைத்தும் அதன் ஆய்வுப் பொருள்கள். அதை ஏற்றிச் சென்ற ஜி.எசு.எல்.வி. வகை ஏவூர்திகளின் விகாசு பொறிகளும் கடுங்குளிர்ப் பொறியும் திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரியிலுள்ள இசுரோ உந்துவிசை வளாகத்தில் சோதிக்கப்படுபவை.

உடைப்பைக் காணுதல்

குளக்கரையில் ஏற்படும் உடைப்பு பெரும்பாலும் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரையே அகலமுடையது. சிறு பனிப்பாறையைப் போலவே அதுவும் ஒரு படத்துணுக்குக்குள் அடங்கிவிடுவதால் நேரடியாகத் தெரிவதில்லை. ஆயினும் அதன் விளைவு பெரியது. மழை முடிந்தபின் எடுத்த படத்தில் அண்டைக் குளங்கள் எல்லாம் நிறைந்து கருத்திருக்க, ஒன்று மட்டும் சுருங்கியோ வெளிறியோ காணப்பட்டு, அதன் கரைக்குக் கீழே வயலில் விசிறி வடிவில் கரும்பரப்பு விரிந்திருந்தால், அக்குளம் உடைந்திருக்கக்கூடும் என உய்த்துணரலாம். விசிறியின் காம்பு கரையைத் தொடும் இடமே முதலில் ஆளனுப்பிப் பார்க்க வேண்டிய இடமாகும். நீர் வடிந்தபின் அவ்விசிறியில் மணல் படிந்திருந்தால், அடுத்த சில படங்களிலும் அது சுற்றியுள்ள வயல்களிலிருந்து வேறுபட்டே தெரியும். அங்கே அப்பருவத்தில் நெல்லுக்குரிய பொலிவு தோன்றாது.